பனி என்று நினைத்துப் புகையில் ஓடிய மார்கழி

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். வெள்ளைக் கைக்குட்டையில் கறுப்பாக வந்தது. அடுப்புக்கரி பட்ட விரலைத் துணியில் அழுத்தினால் எப்படிக் கறை விழும், அப்படி. அன்றைக்கு நானும் அக்கா மகனும் ஓடியது 9 கிலோமீட்டர். மார்கழி கடைசி வாரம். காரைக்குடிக்கு வெளியே, இரண்டு பக்கமும் வயலும் பொட்டலும் கருவேலமுமாக இருக்கிற ஒரு சாலை. இது டெல்லி இல்லை, எண்ணூர் இல்லை, நம்ம ஊர்க் காற்றுக்கு என்ன குறை என்றுதான் நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் சின்ன வயதிலிருந்து வீசிங் இருக்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடப் போனேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு அரை மாரத்தானுக்கு, அதாவது 21 கிலோமீட்டருக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். அவன் கல்லூரியில் இரண்டாம் வருடம். வீசிங் கட்டுக்குள் இருந்தால் ஓடலாம், ஓடுவது நல்லதும்கூட என்று அவனுடைய டாக்டர் சொல்லியிருந்தார். தெருவைத் தாண்டியதும் சாலை முழுக்க வெள்ளையாக இருந்தது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "சித்தி, கொடைக்கானல் மாதிரி இருக்குல்ல" என்றான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்து கிலோமீட்டர் தாண்டியபோது கண் லேசாக எரிந்தது, உமி கருகிய வாசனை வந்தது, தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு செருமல். இந்த மூன்றும் எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் ஓடினேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் அவன் நின்றுவிட்டான், முழங்காலில் கை வைத்துக் குனிந்துகொண்டு. "சித்தி, ஒரு நிமிஷம்." அந்த ஒரு நிமிடத்தில் அவன் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இன்ஹேலர் வீட்டு மேஜையில் இருந்தது. ஓடுவதற்கு எதற்கு அது, பையில் குத்துகிறது என்று நான்தான் போன மாதம் சொல்லியிருந்தேன்.

பாலத்துக் கட்டையில் உட்காரவைத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் பைக்கில் இன்ஹேலரோடு வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அப்புறம் ஆஸ்பத்திரி, நெபுலைசர், இரண்டு மணி நேரம். பிள்ளை தேறிவிட்டான். ஆனால் டாக்டர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "அந்த ரோட்டுல என்னம்மா எரியுது?"

ஞாயிற்றுக்கிழமை பகலில் அதே சாலையில் ஸ்கூட்டியில் மெதுவாகப் போய்ப் பார்த்தேன். அவனும் பின்னால் உட்கார்ந்து வந்தான். ஓடும்போது கண்ணில் படாததெல்லாம் அன்றைக்குத்தான் பட்டது. ஊரணிக் கரையில் குப்பை எரித்த சாம்பல், அதில் பாதி வெந்த பிளாஸ்டிக் பை, ஒரு செருப்பு. அதைத் தாண்டி ஒரு அரிசி ஆலை. புழுங்கல் அரிசிக்கு நெல் அவிக்க உமியைப் போட்டுத்தான் பாய்லர் எரிப்பார்கள், புதுவயல் பக்கம் இப்படி நிறைய ஆலைகள் உண்டு. எல்லா ஆலையும் ஒரே மாதிரி புகைவதில்லை, சரியாகப் பராமரிக்கிற ஆலையில் புகைக்கூண்டிலிருந்து வருவது கண்ணுக்கே தெரியாது. இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு செங்கல் காளவாசல். அதற்கு எதிரே பொட்டலில் இரண்டு கரிமூட்டம். சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மண் பூசி, காற்று அதிகம் போகாமல் நாள்கணக்கில் கனியவிடுவார்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மொதல்ல வர்ற வெள்ளப் புகை ஈரந்தான் தங்கச்சி. நீலமா மெலிஞ்சு வந்தா கரி பழுத்துருச்சுன்னு அர்த்தம். வெள்ளப் புகைக்கு இருமல் வரும், கண்ணுக்குத் தெரியாதது இருக்கு பாருங்க, அதுதான் தலையக் கிறுகிறுக்க வைக்கும். காத்து அசையலேன்னா நாங்களே கிட்டப் போக மாட்டோம்."

அவர் சொன்ன அந்தக் கண்ணுக்குத் தெரியாதது கார்பன் மோனாக்சைடு. காற்று போதாமல் எரிகிற எதிலிருந்தும் வரும். எனக்கு உறைத்தது அவருடைய கடைசி வாக்கியம்தான். ஓட்டக்காரி நான், காற்று அசையாத நேரமாகப் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன். வேலைக்காரர் அந்த நேரத்தில் கிட்டப் போவதில்லை.

பனிக்காலத்து விடியல் ஏன் இப்படி என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். ராத்திரி தரை குளிர்ந்துவிடுகிறது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்கிறது, அதற்கு மேலே இருக்கிற காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக, பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. ராத்திரி முழுக்க எரிந்ததெல்லாம் அந்த மூடிக்கு அடியில் நம் மூக்கு உயரத்திலேயே சுற்றும். புகைத்துகளைப் பிடித்துக்கொண்டு பனியும் கட்டும், அதனால் பனியும் புகையும் ஒன்றாகவே இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும். எங்கள் ஊரில் தை, மாசி வரைக்கும் எட்டு, எட்டரைக்கு மேல்தான் அந்த மாற்றத்தை உணர முடிகிறது. "விடியற்காலைக் காற்று சுத்தமானது" என்று வீட்டில் சொல்லி வளர்ந்தோம், மார்கழிக்கு அது பல நாள் பொருந்தாது. கோடைக்குக் கதை வேறு. அப்போது காலை பரவாயில்லை, உச்சி வெயிலில் மூச்சை உறுத்துகிற ஓசோன் வாயு கூடும், வெயிலும் கொல்லும், அதனால் சித்திரை வைகாசியில் நாங்கள் பழையபடி ஐந்து மணிக்குப் போகிறோம். ஆடியில் மேல்காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும், ஆனால் புழுதி.

இதில் ஓடுகிறவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை என்றால், சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கிறார், நன்றாக ஓடும்போது அது 60 லிட்டருக்கும் மேல் போகும். வேகம் கூடினால் வாயால் மூச்சு விடுவோம், மூக்கு வடிகட்டுகிற கொஞ்சமும் போச்சு. பிஎம் 2.5 என்று சொல்கிற துகள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு, அது தொண்டையில் நிற்காது, நுரையீரலின் அடிவரை போகும். கைக்குட்டையில் கறுப்பாக வந்தது பெரிய துகள். அது வெளியே வந்துவிட்டது. உள்ளே போனதைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

சரி, எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் நான் முதலில் ஏமாந்தது அங்கேதான். காற்றுத்தர எண்ணை ஒரு செயலியில் 90 என்று காட்டும், இன்னொன்றில் அதே நேரம் 150-ஐ ஒட்டிக் காட்டும். இரண்டும் பொய் இல்லை. இந்தியாவின் காற்றுத்தரக் குறியீடு 2015-இல் வந்தது. அதில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 இருந்தால் குறியீடு 100. அமெரிக்கக் கணக்கில் அதே 60 மைக்ரோகிராம் 150-ஐத் தாண்டிவிடும். நம் அளவில் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கிற வரம்பே அந்த 60. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. அதனால் செயலியைத் திறந்ததும் அது எந்த நாட்டுக் கணக்கு என்று அமைப்புகளில் பாருங்கள். முடிந்தால் குறியீட்டை விட்டுவிட்டு நேராக மைக்ரோகிராம் எண்ணைப் பாருங்கள், அதற்கு நாடு கிடையாது.

இன்னொன்று, நம் குறியீட்டில் 101 முதல் 200 வரை உள்ள படிக்கு 'மிதமானது' என்று பெயர். மிதம்தானே என்று நானே எத்தனை நாள் கிளம்பியிருக்கிறேன். அந்தப் படிக்கான விளக்கத்திலேயே ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்களுக்கு மூச்சுச் சிரமம் வரலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. பெயரைப் படித்தேன், விளக்கத்தைப் படிக்கவில்லை.

அப்புறம், அந்த எண் எந்த நிலையத்திலிருந்து வருகிறது என்று தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் அளக்கும் நிலையம் இல்லாத ஊருக்குச் செயலிகள் செயற்கைக்கோள், வானிலைக் கணக்கு எல்லாம் வைத்து ஒரு கணிப்பைத்தான் போடுகின்றன. அந்தக் கணிப்புக்கு ஊரணிக் கரையில் நேற்று ராத்திரி யார் குப்பைக்குத் தீ வைத்தார்கள் என்று தெரியாது. அக்கா மகன் கூடப் படிக்கிற பையனிடம் கையடக்கக் கருவி ஒன்று இருந்தது, இரண்டு வாரம் கடன் வாங்கி வைத்துக்கொண்டோம். ஒரே நாளில் எங்கள் வாசலில் ஐந்து மணிக்குக் காட்டிய எண் எட்டரைக்குப் பாதிக்கும் கீழே இறங்கியது. அரிசி ஆலையைத் தாண்டும்போது ஏறும், ஊரணியைச் சுற்றி உள்ளே போகிற மண்பாதையில் இறங்கும். இதிலும் ஒரு எச்சரிக்கை: இந்த விலை குறைந்த கருவிகள் ஒளியை வைத்து எண்ணுபவை, பனி கனமாக இருந்தால் நீர்த்துளியையும் தூசி என்று எண்ணி அதிகமாகக் காட்டும். அதனால் பனிநாளின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்தோம். இரண்டு வாரத்தில் எங்கள் பாதையின் வரைபடம் மனதில் பதிந்துவிட்டது, கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

எண்ணெல்லாம் தெரிந்தபிறகும் எனக்குக் கஷ்டமாக இருந்தது நேரத்தை மாற்றுவதுதான். இதைப் பெண்கள் புரிந்துகொள்வார்கள். நான் ஐந்து மணிக்கு ஓடியது காற்றுக்காக இல்லை. இருட்டுக்காக. டிராக் பேன்ட்டும் டீஷர்ட்டும் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கு டீக்கடையைத் தாண்டி ஓடினால் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் திரும்புவார்கள், "இந்த வயசுல எதுக்கு" என்று ஒரு குரல் வரும், சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். ஆறரைக்கு வீட்டில் இட்லி ஊற்ற வேண்டும், எட்டேகாலுக்கு என் பிள்ளைக்கு ஸ்கூல் வேன். மூன்று வருடம் இருட்டுதான் எனக்கு இடம் கொடுத்தது. அந்த இருட்டில்தான் புகையும் படுத்திருந்தது என்று தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்தது. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். மார்கழி தையில் வாரத்துக்கு இரண்டு நாள் வேனுக்கு அவர் பார்த்துக்கொள்வார், நான் எட்டரைக்குக் கிளம்புவேன், ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்கு. டீக்கடையில் முதல் வாரம் திரும்பினார்கள், இரண்டாவது வாரமும் திரும்பினார்கள். இப்போது ஒரு பெரியவர் மட்டும் "எத்தனை மைலும்மா இன்னைக்கு" என்று கேட்கிறார், பதில் சொல்லிவிட்டு ஓடுகிறேன். மற்ற நாள் ஓட்டம் இல்லை, வீட்டுக்குள் உடற்பயிற்சி.

வீட்டுக்குள் என்றதும் பக்கத்து வீட்டு ஆச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்கள் வீடு ஒரு தெருவில் முகப்பு, மறு தெருவில் பின்வாசல், நடுவில் பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், ஆச்சி மட்டும் இருக்கிறார்கள். புகை கனத்த நாளில் அந்த வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தூண் தூணாக, நானும் அவனும் வேகநடை போடுகிறோம். ஒரு சுற்று அறுபது தப்படி. முற்றம் திறந்துதான் இருக்கிறது, வெளிக்காற்று உள்ளேயும் வரும், ஆகவே அங்கேயும் மூச்சு வாங்க ஓடுவதில்லை. நடை, மாடிப்படி, தோப்புக்கரணம், அவ்வளவுதான். ஆத்தங்குடிக் கல் வியர்வை பட்டால் வழுக்கும், வெறுங்காலோடு செய்யுங்கள்.

அந்த ஆச்சிதான் தினமும் காலையில் வாசல் பெருக்கி வேப்பஞ்சருகைக் குவித்துத் தீ வைப்பார்கள். ஐம்பது வருடப் பழக்கம். எப்படிச் சொல்வது என்று ஒரு மாதம் தயங்கினேன். கடைசியில் அக்கா மகனையே கூட்டிக்கொண்டு போய், "ஆச்சி, இவனுக்கு வீசிங். அந்தப் புகை நேரா எங்க ஜன்னலுக்கு வருது, சருகை நான் அள்ளிக்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார்கள். "இத முன்னாடியே சொல்லக் கூடாதா ஆத்தா? பிள்ளைக்கு ஆகாதுன்னா நான் வைப்பேனா?" இப்போது சருகு பின்கட்டுத் தென்னை மூட்டில் குழிக்குப் போகிறது. ஊரணிக் கரைக் குப்பைக்கு இவ்வளவு சுலபமாக வழி கிடைக்கவில்லை. திறந்தவெளியில் குப்பை எரிக்கக் கூடாது என்று 2016-இன் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள், படம் எடுத்து இரண்டு முறை மனுக் கொடுத்திருக்கிறோம், எரிவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மூன்றாவது மனுவும் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது நாங்கள் கிளம்புவதற்கு முன் செய்வதைச் சொல்கிறேன். மொட்டைமாடிக்குப் போய் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற செல்போன் கோபுரம் தெரிகிறதா என்று பார்ப்போம், கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரி, நிழல் மாதிரி தெரிந்தால் சந்தேகம். இருட்டாக இருந்தால் டார்ச்சை மேல்நோக்கி அடித்துப் பார்ப்போம், ஒளி கம்பு மாதிரித் திரண்டு நின்றால் காற்றில் ஏதோ நிறைய இருக்கிறது. அது பனியா புகையா என்று டார்ச் சொல்லாது, அதற்கு மூக்குத்தான்: வெறும் பனி முகத்தில் சில்லென்று ஈரமாக இருக்கும், வாசனை இருக்காது, கண் எரியாது. வாசனை வந்துவிட்டால் விவாதமே இல்லை, திரும்பிவிடுவோம். ஒரு ஊதுபத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பார்ப்பது உண்டு. நேராக மேலே போய்ப் பரவாமல் நின்றால் காற்று அசையவில்லை. வாடை வீசினால் எரிகிற இடங்களுக்கு வடக்கே இருக்கிற பாதையை எடுப்போம். பெரிய ரோட்டை விட்டு நூறு, நூற்றைம்பது மீட்டர் உள்ளே போனாலே வண்டிப் புகை நன்றாகக் குறைந்துவிடும், கண்மாய்க் கரையும் வயல் வரப்பும் இருக்கும்போது லாரிக்குப் பின்னால் ஏன் ஓட வேண்டும்.

நம் குறியீட்டில் 100 வரை எனக்கு வழக்கமான ஓட்டம். அதற்கு மேல் போனால் தூரமும் குறையும், வேகமும் குறையும், முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம், மூக்கால் மட்டும் மூச்சு. 200-ஐத் தாண்டினால் வளவு. அவனுக்கு 100-க்கு மேல் எல்லாமே வளவுதான், இன்ஹேலர் எப்போதும் இடுப்புப் பையில், டாக்டர் சொன்னபடி ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஒரு முறை. இது எங்கள் கணக்கு, உங்கள் நெஞ்சுக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள். தீபாவளிக்கு அன்றைக்கும் மறுநாளும் ஓட்டம் இல்லை. போகியன்றும் இல்லை. போகிக்கு டயர் எரிக்கிற பக்கத்தை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மாஸ்க் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினால் புழுதி கொஞ்சம் நிற்கும், நுண்துகள் நிற்காது. என்95 முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் துகளை நிறுத்தும், வாயுவை நிறுத்தாது. அதைப் போட்டுக்கொண்டு நடக்கலாம். ஓடிப் பார்த்தேன், மூன்று கிலோமீட்டரில் வியர்வையில் நனைந்து முகத்தோடு ஒட்டி மூச்சே இழுக்க முடியவில்லை. மாஸ்க் போட்டால்தான் ஓட முடியும் என்கிற நாளில் ஓடாமல் இருந்துவிடலாம் என்பது என் முடிவு. ஓடி வந்தபிறகு வாழைப்பழம் சாப்பிட்டால், வெல்லம் சாப்பிட்டால் நுரையீரல் தூசி இறங்கிவிடும் என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். விழுங்குவது வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்கு வழி வேறு. பசிக்குச் சாப்பிடுங்கள். முகம் கழுவி, வாய் கொப்பளித்து, உடுப்பு மாற்றுவது போதும். நெஞ்சு இறுக்கம், விசில், தலைசுற்றல், நிற்காத இருமல், இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, புகை இல்லாத பக்கமாக நடந்து வந்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று அன்றைக்கு நான் சொன்னதை யாரும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அந்த அரை மாரத்தானுக்கு அந்த வருடம் நாங்கள் போகவில்லை. அவன் அதற்கு வருத்தப்பட்டான், என்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. அடுத்த வருடம் ஓடி முடித்தான். இந்த மார்கழியில் நான் எழுவதற்கு முன்பே அவனிடமிருந்து செய்தி வந்து கிடக்கிறது. நேற்று 5:10-க்கு வந்தது: "சித்தி, டார்ச் அடிச்சுப் பாத்தேன், கம்பு மாதிரி நிக்குது. தூங்குங்க. எட்டரைக்கு வர்றேன்."